தோய்ச்சல் இறங்கும் உருக்கு

பரந்தனுக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலை. காலபோக நெல் வந்து குவியும் மாசி மாதம், ஆனால் நெல் அவிக்கும் பொயிலர் நின்று மூன்று நாளாகியிருந்தது. அடுப்பு வாயிலில் உமிச்சாம்பலுக்குள் முழங்கை நீளத்தில் ஒரு குழாய்த்துண்டு கிடந்தது. வெட்டி எடுத்துப் போட்டிருக்கிறார்கள். தூக்கிப் பார்த்தேன். தவளையை விழுங்கிய பாம்பு மாதிரி ஓரிடத்தில் மட்டும் வயிறு தள்ளி, அந்த வயிற்றின் நடுவில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பிளவு.

"ரெண்டு கிழமைக்கு முன்னமே ஓட்டைக்குள்ளால பாக்கேக்க அந்த இடம் சிவந்து கிடந்தது அண்ணை. சொன்னனான். சீசன் முடியட்டும் எண்டிட்டினம்" என்றார் பொயிலர் பார்க்கும் தம்பி.

அவர் சொன்னதில் பாதி விளக்கம் இருக்கிறது. மீதியைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த மாதிரி ஆலைப் பொயிலர் 7 பார் அளவு அமுக்கத்தில் வேலை செய்கிறது. அந்த அமுக்கத்தில் தண்ணீர் கொதிப்பது 170 பாகை செல்சியசில். குழாயின் விட்டம் 51 மில்லிமீற்றர், சுவர் மூன்றரை மில்லிமீற்றர். உள்ளிருந்து தள்ளும் அமுக்கம் அந்தச் சுவரில் உண்டாக்கும் தகைப்பு, அதாவது சுவரின் ஒவ்வொரு சதுர மில்லிமீற்றரும் தாங்கும் இழுவிசை, 5 நியூட்டன் சொச்சம். சாதாரணக் குழாய் உருக்கைக் கிழிக்க 400 நியூட்டன் அளவு வேண்டும். அதாவது தேவைக்கு எழுபது, எண்பது மடங்கு பலம் கையிருப்பில் இருந்தது. அப்படியிருந்தும் குழாய் வெடித்துவிட்டது.

துண்டைத் திருப்பி உள்ளே பார்த்தால் விடை சாம்பல் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. வன்னியின் வடக்கிலும் மேற்கிலும் நிலத்துக்கடியில் கிடப்பது சுண்ணக்கல். கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு கடினம் என்பதைக் கேத்திலின் அடியிலேயே பார்க்கலாம். அதே தண்ணீரைப் பொயிலருக்குள் விட்டு நாள் முழுவதும் கொதிக்க வைத்தால் கல்சியம் காபனேற்று படலம் படலமாகப் படியும். உருக்கு வெப்பத்தைக் கடத்தும் வேகத்தில் இந்தப் படிவு இருபதில் ஒரு பங்கைக்கூடக் கடத்தாது. வெளியே உமித்தீ, உள்ளே தண்ணீர், நடுவில் நாலு மில்லிமீற்றர் சுண்ணாம்புக் கம்பளி. தண்ணீரால் குழாயைக் குளிர வைக்க முடியாது. நீராவி 170 பாகையிலேயே இருக்க, குழாய்ச் சுவர் மட்டும் 600ஐத் தாண்டிப் போயிருக்கும். அந்தத் தம்பி கண்ட சிவப்பு அதுதான். உருக்கு இருட்டில் மங்கலாகச் சிவக்கத் தொடங்குவதே 550, 600 பாகையில்தான்.

சரி, 600 பாகை என்றால் என்ன? இரும்பு உருக 1538 பாகை வேண்டும். பாதிகூட ஆகவில்லை. பிறகேன் அது மெழுகு மாதிரி இளகியது?

நாங்கள் செல்சியசில் யோசிப்பதால்தான் இப்படித் தோன்றுகிறது. அணுவுக்குச் செல்சியஸ் தெரியாது, அதற்குக் கெல்வின்தான் கணக்கு. ஓர் உலோகம் தன் உருகுநிலையின் பத்தில் நான்கு பங்கைக் கெல்வினில் தாண்டியதும், அதன் அணுக்கள் இருந்த இடத்தை விட்டு மெல்ல மெல்ல நகரத் தொடங்கும். இரும்புக்கு அந்த எல்லை ஏறக்குறைய 450 பாகை செல்சியஸ். சாதாரண காபன் உருக்குக்கு 370 பாகையிலிருந்தே இதைக் கணக்கில் எடுக்கவேண்டும் என்று வடிவமைப்பாளர்கள் வைத்திருக்கிறார்கள். அதற்குமேல் போனால், தாங்கக்கூடிய சுமையைத்தான் சுமந்துகொண்டிருந்தாலும் உருக்கு நீண்டுகொண்டே போகும். இதற்கு ஊர்வு என்று பெயர். அட்டை ஊர்வது மாதிரி, பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாது, மறுநாள் வந்து பார்த்தால் இடம் மாறியிருக்கும்.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ரேடியோ திருத்துபவரிடம் பழைய வகை ஈயக்கம்பி ஒரு முழம் வாங்கி, வளையில் கட்டி, நுனியில் அரைக்கிலோ படிக்கல் ஒன்றைத் தொங்கவிடுங்கள். கல் விழாது. கம்பி தாங்கும். படிக்கல்லின் அடி மட்டத்துக்குச் சுவரில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த நாள் பாருங்கள், கல் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். சில நாளில் கம்பி ஓரிடத்தில் ஒல்லியாகி அறுந்துவிடும். அந்த ஈயக்கலவை உருகுவது 183 பாகையில். வன்னியின் மத்தியான வெயிலில் 35 பாகை என்று வைத்தால், கெல்வின் கணக்கில் அது உருகுநிலையின் மூன்றில் இரண்டு பங்கு. இரும்பை 950 பாகையில் தொங்கவிட்டதற்குச் சமம். நாம் குளிர்ச்சி என்று நினைக்கும் நிழலில் ஈயம் செஞ்சூட்டில் இருக்கிறது.

ஆங்கிலேயப் பௌதிகவியலாளர் அண்ட்ரேட் 1910இல் வெளியிட்ட ஆய்வும் ஈயக்கம்பியில் செய்ததுதான். அதன்பிறகு இந்தத் துறையில் எல்லோரும் பார்க்கும் வளைகோட்டுக்கு மூன்று பகுதி. சுமை ஏறியதும் கொஞ்சம் வேகமாக நீளும், பிறகு தன்னைத்தானே இறுக்கிக்கொண்டு வேகம் குறையும். அப்புறம் நீண்ட ஒரு சமதளம், ஒரே சீராக ஊரும். கடைசியில் வேகம் எடுத்து அறுந்துவிடும். உருக்கின் ஆயுளில் பெரும்பகுதி அந்த நடுச்சமதளத்தில்தான் கழிகிறது. அந்தக் காலத்தில் வெளியே பார்க்க எதுவுமே நடக்காது.

உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லக் களத்துக்குப் போகவேண்டும். நெல் காயப்போட்ட பெரிய படங்கைத் தனியாளாக ஒரு சாண் தள்ளி விரிக்க வேண்டுமென்றால், முழுப் படங்கையும் யாரும் இழுப்பதில்லை. ஒரு பக்கத்தில் மடிப்பொன்றை உண்டாக்கி, அந்த மடிப்பை மறுபக்கம் வரை தள்ளிக்கொண்டு போவார்கள். உலோகம் வளைவதும் நீள்வதும் இப்படித்தான். அணு அடுக்குகள் ஒட்டுமொத்தமாக வழுக்குவதில்லை, அடுக்கில் இருக்கும் மடிப்புப் போன்ற குறைகள்தான் ஓடுகின்றன. ஆகவே உலோகத்தைப் பலப்படுத்துவது என்றால் மடிப்பை ஓடவிடாமல் மறிப்பது. படங்கின் மேல் அங்கங்கே கல் வைத்தால் மடிப்பு கல்லில் முட்டி நின்றுவிடும். உருக்கில் அந்தக் கல், உலோகமும் காபனும் சேர்ந்த கடினமான காபைட்டுத் துகள்.

குளிர்ந்த உருக்கில் மடிப்பு கல்லில் முட்டினால் முட்டியதுதான். சூட்டில் அப்படியில்லை. அணுக்கள் இடம் மாறக்கூடிய சூடு வந்ததும் மடிப்பு கல்லின் மேல் ஏறிக் கடந்துவிடும். ஒன்றைக் கடக்க மணித்தியாலங்கள் ஆகலாம், நாளாகலாம். ஆனால் அனல் மின் நிலையக் குழாய்க்கு இருபது வருடம் அவகாசம் இருக்கிறதே.

இதைவிடப் பெரிய வில்லங்கம், கற்களும் நிலையாக இருப்பதில்லை என்பது. இதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு கொல்லர். அவருடைய பட்டடை ஒரு தண்டவாளத் துண்டு. 1990இல் யாழ்தேவி நின்ற பிறகு வன்னியில் தண்டவாளம் பங்கர்களுக்குப் போனது, மிச்சம் பட்டறைகளுக்கு வந்தது. லொறியின் வில் பட்டையை அடித்துக் கத்தியாக்கி, சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார், மறுபடி லேசாகச் சூடு காட்டுவார். அதுதான் தோய்ச்சல். ஒருமுறை காடு வெட்டி எரித்த இடத்தில் மறந்து விட்டுவந்த கத்தியை ஒருவர் கொண்டுவந்தார். கறுத்திருந்ததே தவிர வடிவம் கெடவில்லை. கொல்லர் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, "தோய்ச்சல் இறங்கிட்டுது தம்பி, இனி இது தகரம்" என்று திருப்பிக் கொடுத்தார்.

தோய்த்த உருக்கு ஒருவிதமான திணறலில் இருக்கிறது. செஞ்சூட்டில் காபன் அணுக்கள் இரும்புக்குள் கரைந்து கிடக்க, திடீரென்று குளிர்த்தியதால் வெளியேற வழியில்லாமல் அகப்பட்டுக்கொள்கின்றன. அந்த நெருக்கடிதான் கத்தியின் கூர். மறுபடி சூடு காட்டும்போது நெருக்கடி கொஞ்சம் தளர்ந்து, காபன் நுண்ணிய காபைட்டுகளாக ஒதுங்கி, கத்தி உடையாத பக்குவத்துக்கு வரும். சூடு கூடினால், நேரம் நீண்டால், தளர்ச்சி அளவு மீறிப் போகும். காட்டுத்தீயில் அது ஒரு இரவில் நடந்தது. மின் நிலையக் குழாயில் அதே காரியம் இருபது, முப்பது வருடத்தில் நடக்கிறது.

வன்னி வீடுகளில் இன்று எரியும் மின்குமிழுக்குப் பின்னால் அப்படியான குழாய்களும் இருக்கின்றன. நுரைச்சோலை அனல் மின் நிலையத்தில் 300 மெகாவாட் அலகுகள் மூன்று, மொத்தம் 900 மெகாவாட். அது நாட்டின் மின்வலையமைப்பில் சேர்ந்து, வவுனியா வழியாகக் கிளிநொச்சிக்கும் வருகிறது. இந்தப் பருமன் அனல் அலகுகளில் நீராவி 540 பாகை அளவில், 160 பாருக்கும் மேற்பட்ட அமுக்கத்தில் குழாய்க்குள் ஓடுகிறது. ஆலைக்குழாய் சிவந்தது தண்ணீரின் பிழையால். அங்கே பிழை எதுவும் வேண்டாம், எல்லாம் ஒழுங்காக நடந்தாலே குழாய் ஊர்வெல்லைக்குள்தான் இருக்கும்.

அதற்காகத்தான் குரோமியமும் மொலிப்டினமும் சேர்த்த உருக்குகள். இந்தக் கலவைக்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. 1943இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்பிரிங்டேல் மின் நிலையத்தின் பிரதான நீராவிக் குழாய் உடைந்தது. மொலிப்டினம் மட்டும் சேர்த்த காபன் உருக்கு அது. உடைந்த இடம் வெல்டிங் ஒட்டின் பக்கத்தில். உள்ளே வெட்டிப் பார்த்தால் காபைட்டு சிதைந்து, காபன் தனியே பிரிந்து காரீயமாக, பென்சில் நுனியில் இருக்கும் அதே பொருளாக, வரிசையாகக் கோத்து நின்றது. உருக்குக்கு நடுவில் பென்சில் கோடு போட்டால் அந்தக் கோட்டில் உடையும்தானே. குரோமியம் சேர்த்தால் காபைட்டு அவ்வளவு லேசில் சிதையாது. குரோமிய–மொலிப்டின உருக்குகள் நீராவிக் குழாய்களில் நிலைத்ததற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இந்த வரிசையில் பெரிய பாய்ச்சல், 1970களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடத்தில் உருவான 9 வீதக் குரோமிய உருக்கு. பி-91 என்று தொழிலில் சொல்வார்கள். இதில் வனேடியம், நையோபியம், நைதரசன் எல்லாம் சிட்டிகை அளவுதான். ஆனால் அந்தச் சிட்டிகை ஒரு மில்லிமீற்றரை லட்சம் கூறு போட்டால் சில கூறு அளவே வரும் துகள்களாகப் பரவி நிற்கிறது. படங்கின் மேல் பாறாங்கல் நாலைந்து வைப்பதற்குப் பதிலாகக் கைநிறைய குறுணிக்கல்லை எல்லா இடத்திலும் தூவியது மாதிரி. மடிப்பு எங்கே திரும்பினாலும் முட்டும். இந்த உருக்கையும் 1050 பாகையளவில் காய்ச்சி, ஆறவிட்டு, 760இல் மறுபடி சூடு காட்டித்தான் பக்குவப்படுத்துகிறார்கள். கொல்லர் பார்த்தால் தோய்ச்சல் என்றுதான் சொல்வார். அவர் சொல்வது சரி.

பிரச்சினை என்னவென்றால், 540இலும் 600இலும் அது வேலை செய்யும் ஒவ்வொரு மணித்தியாலமும் அந்தச் சூடு காட்டுதல் தொடர்கிறது. சின்னத் துகள் கரைகிறது, அதன் பொருள் பக்கத்திலிருக்கும் பெரிய துகளில் போய்ச் சேர்கிறது. சின்னக் கடைகளை மூடவைத்துப் பெரிய கடை வளர்வதுபோல, துகள்களின் எண்ணிக்கை குறைந்து பருமன் கூடுகிறது. மொத்தப் பொருள் அவ்வளவேதான், ஒரு கிராம்கூடக் குறையவில்லை. ஆனால் கல்லுக்கும் கல்லுக்கும் இடைவெளி விரிந்துவிட்டது, மடிப்பு நடுவால் போய்விடும்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. கரைந்து நின்று பலம் கொடுத்த மொலிப்டினம் இரும்போடு சேர்ந்து புதிய கட்டியாக ஒதுங்கும். இன்னும் தாமதமாக, ஆயிரமாயிரம் மணித்தியாலம் கழித்து, குரோமியமும் நைதரசனும் சேர்ந்த வேறொரு பளிங்கு வளரும். இசட் நிலை என்று அதற்குப் பெயர். அது வளர்வதற்குத் தின்பது அந்த நல்ல குறுணித் துகள்களையே. குரோமியம் கூடினால் துருவுக்குத் தாங்கும் என்று 12 வீதம் வரை ஏற்றிப் பார்த்த உருக்குகள் நீண்டகாலத்தில் எதிர்பார்ப்பை ஏமாற்றியதற்கு முதற்காரணம் இதுதான். குறுகிய சோதனைகளில் இந்தக் கள்ளன் தலைகாட்டவே மாட்டான்.

குறுகிய சோதனை என்று ஏன் சொல்கிறேன் என்றால், வடிவமைப்புக்கு அடிப்படை எண் 1,00,000 மணித்தியாலம். கிட்டத்தட்ட 11 வருடம் 5 மாதம். ஒவ்வொரு புதிய உருக்குக்கும் அவ்வளவு காலம் காத்திருக்க யாரால் முடியும்? ஆகவே கூடிய சூட்டில் சீக்கிரம் அறுத்துப் பார்த்து, அதிலிருந்து குறைந்த சூட்டின் ஆயுளைக் கணிப்பார்கள். 1952இல் லார்சன், மில்லர் என்ற இருவர் கொடுத்த வழி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆயுளை மணித்தியாலத்தில் எடுத்து அதன் மடக்கையோடு 20ஐக் கூட்டு, கெல்வின் வெப்பநிலையால் பெருக்கு. ஒரே தகைப்பில் அந்தப் பெருக்கம் மாறாது. அவ்வளவுதான்.

உயர்தரத்தில் கணிதம் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் செய்துவிடும். 540 பாகை என்றால் 813 கெல்வின். 1,00,000இன் மடக்கை 5, அதோடு 20, ஆக 25. பெருக்கினால் 20,325. இப்போது சூட்டைப் பத்தே பாகை ஏற்றுங்கள், 823 கெல்வின். 20,325ஐ 823ஆல் வகுத்தால் 24.7, இருபதைக் கழித்தால் 4.7, அதன் எதிர்மடக்கை 50,000. பத்துப் பாகையில் ஆயுள் பாதியாகிவிட்டது! இன்னொரு பத்து ஏற்றினால் 25,000 மணித்தியாலம், மூன்று வருடத்துக்கும் குறைவு. 540 பாகையில் பத்து என்பது நூற்றுக்கு இரண்டு வீதம்கூட இல்லை. வெப்பமானி அந்த அளவு பிழை காட்டினால் ஆலையில் யாரும் சட்டை செய்யமாட்டோம்.

இந்தப் பத்துப் பாகை எங்கிருந்து வரும்? மின் நிலையத்தில் தண்ணீரைச் சுண்ணாம்பு இல்லாமல் சுத்திகரித்து விடுகிறார்கள்தான். ஆனால் 540 பாகை நீராவி குழாயின் இரும்பையே ஒட்சியேற்றி, உட்சுவரில் கரிய மக்னரைட்டுப் படலம் ஒன்றை வளர்க்கும். அதுவும் வெப்பத்தை மறிக்கும் கம்பளிதான். தீப்பக்கத்திலிருந்து சூடு வாங்கும் குழாய்களில் படலம் வருடாவருடம் தடிக்க, சுவரின் சூடு மெல்ல ஏறும், ஏறிய சூட்டில் படலம் இன்னும் வேகமாக வளரும். பரிசோதகர்கள் இதையே திருப்பிப் பயன்படுத்துகிறார்கள். படலத்தின் தடிப்பை அளந்தால், அந்தக் குழாய் இத்தனை வருடமாக எந்தச் சூட்டில் இருந்தது என்று மதிப்பிடலாம்.

கணிப்பை நம்பாமல் காத்திருந்து பார்த்தவர்களும் உண்டு. ஜப்பானின் தேசியப் பொருள் அறிவியல் ஆய்வு நிறுவனத்தில் 1969இல் தொங்கவிட்ட ஒரு காபன் உருக்குத் துண்டின் சோதனை 2011 வரை, நாற்பது வருடத்துக்கு மேல் ஓடியது. தொங்கவிட்டவர் ஓய்வுபெற்றுப் போன பிறகும் துண்டு ஊர்ந்துகொண்டிருக்கும் சோதனை. எனக்கு இது ஒரு அலாதியான பொறுமையாகத் தெரிகிறது. இப்படியான நீண்ட சோதனைகள் வர வர, 9 வீதக் குரோமிய உருக்குகளுக்கு முதலில் எழுதிவைத்த பல எண்களைக் கீழே இறக்கித் திருத்த வேண்டி வந்தது.

கடைசிக் கட்டம் மணிகளின் எல்லையில் நடக்கிறது. உலோகத்துக்குள் நெல்மணி நெருங்கிக் கிடப்பதுபோலப் பளிங்கு மணிகள் உண்டு. மணிக்கும் மணிக்கும் இடையில், கண்ணுக்கே எட்டாத பருமனில் வெற்றிடங்கள் பிறக்கும். முதலில் அங்கொன்று இங்கொன்று. பிறகு ஒரே எல்லையில் மணிகோத்த மாதிரி வரிசை. வரிசை இணைந்தால் நுண்வெடிப்பு, நுண்வெடிப்புகள் இணைந்தால் வெடிப்பு. இதைப் பார்க்கக் குழாயை வெட்ட வேண்டியதில்லை. பெருவிரல் அகலத்துக்கு மேற்பரப்பைக் கண்ணாடிபோல் மினுக்கி, அமிலத்தால் லேசாக அரித்து, அசற்றோனில் நனைத்த மெல்லிய பிளாஸ்டிக் தாளை அழுத்தி ஒட்டி, காய்ந்ததும் உரிப்பார்கள். பத்திரத்தில் கைநாட்டு எடுப்பது போலத்தான். அந்தத் தாளை நுணுக்குக்காட்டியில் வைத்தால் மணியும் எல்லையும் வெற்றிடமும் அச்சாக இருக்கும். குழாய் அந்தப் படிகளில் எதில் நிற்கிறது என்று பார்த்து, இன்னும் ஓட்டலாமா, எப்போது மறுபடி பார்க்க வேண்டும், இப்போதே மாற்ற வேண்டுமா என்று முடிவெடுப்பார்கள்.

தாளை எங்கே ஒட்டுவது என்பதில்தான் அனுபவம் தெரியும். தேர்ந்தவர் நேராக ஒட்டுக்குப் போவார், அதிலும் ஒட்டுக்குச் சற்றுத் தள்ளி. வெல்டிங் சூடு பட்டும் படாமலும் போன ஒரு மெல்லிய பட்டை அங்கே இருக்கும். அந்தப் பட்டையில் மட்டும் தோய்ச்சல் குலைந்திருக்கும். நல்ல பி-91 குழாய்கள் பல வெடித்ததும் அந்தப் பட்டையில்தான். காட்டில் மறந்த கத்தியின் கதை, இரண்டு மூன்று மில்லிமீற்றர் அகலத்தில்.

இப்போது இதில் மன்னார்க் காற்றும் சேர்ந்திருக்கிறது. மன்னார்த் தீவின் தம்பபவனி காற்றாலை 103.5 மெகாவாட். கூரைகளில் சூரியத் தகடும் பெருகுகிறது. நல்ல விசயம், அதில் மறுபேச்சில்லை. ஆனால் எந்த நாட்டிலும் காற்றும் வெயிலும் கூடும் நேரம் அனல் அலகு தணிய வேண்டும், இல்லாத நேரம் ஏற வேண்டும். ஒரே சூட்டில் வருடக்கணக்காக ஓடவே அந்தத் தடித்த குழாய்கள் செய்யப்பட்டவை. ஏறி இறங்கும்போது சுவரின் உட்பக்கமும் வெளிப்பக்கமும் வெவ்வேறு வேகத்தில் விரிந்து சுருங்கும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து முறிப்பதுபோன்ற களைப்பு ஊர்வோடு சேர்ந்தால், இரண்டையும் தனித்தனியே கூட்டியதைவிட மோசமாக வெட்டும்.

மறுபடி பரந்தன் ஆலைக்கு. வெடித்த குழாய்க்குப் பதிலாகப் போடக் கொண்டுவந்த குழாய்கள் சுவரில் சாத்தியிருந்தன. பழைய இரும்புக் கடையில் எடுத்தவை, துருத் தட்டிச் சாயம் அடித்தது. "புதுசு மாதிரித்தான் கிடக்கு, நல்ல கனம்" என்றார்கள். கனத்தில் குறை இல்லை. முன்பு எந்த அடுப்பில், எவ்வளவு சூட்டில், எத்தனை வருடம் நின்றதென்று யாருக்குத் தெரியும்? துகள் பருத்ததோ மணி எல்லையில் ஓட்டை விழுந்ததோ தராசிலும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. பாவித்த இரும்புக்கு நான் விரோதியில்லை. வேலிக்கும் கொட்டிலுக்கும் தாராளமாகப் போடலாம். தீக்கும் அமுக்கத்துக்கும் நடுவில் போடக்கூடாது என்பது என் பிடிவாதம்.

கொஞ்சம் வாக்குவாதத்துக்குப் பிறகு வவுனியாவிலிருந்து புதுக்குழாய், தரச்சான்றோடு, வந்து பொருத்தியாயிற்று. கிணறு பழைய கிணறுதான். தண்ணீரை மென்மையாக்கும் கலன் ஒன்றுக்கு விலை கேட்டிருக்கிறார்கள். அதிலுள்ள பிசின் மணிகளைக் கழுவிப் புதுப்பிக்கச் சாதாரண உப்புப் போதும், ஆனையிறவு பக்கத்தில்தானே என்றேன். அதுவரைக்கும் கிழமைக்கொரு தடவை பொயிலரின் அடியில் சேரும் கழிவுத் தண்ணீரைத் திறந்து விடுவதாகப் பேச்சு. பொயிலர் பார்க்கும் தம்பி அடுப்புச் சுவரில், அந்த ஓட்டைக்குப் பக்கத்தில், ஒரு கொப்பியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். எந்தக் குழாய் என்றைக்குச் சிவந்தது என்று எழுத. நான் போன அன்று முதல் பக்கத்தில் திகதி மட்டும் இருந்தது.